நாற்பத்து மூன்று கொள்கலன்கள்

காட்டு விலங்குக்கு மருந்து கொடுக்க அனுமதி கேட்கும் படிவத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பதின்மூன்றுக்கு டாக்டர் ஜெசிந்தா பதில் எழுதிவிட்டாள். எழுதாமல் விட்டது பதினோராவது கேள்வி: 'விலங்கின் சம்மதம் எவ்வாறு பெறப்பட்டது?'

ஜெசிந்தா அரசு வனவிலங்கு மருத்துவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வேலை கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில். எட்டு வருடம் உழைத்து ஒரு மருந்து செய்திருந்தாள். உப்புக் கட்டியில் கலந்து காட்டோரம் வைத்தால் யானை வந்து நக்கும். அதன்பின் ஒரு வருடத்துக்கு அதன் நாக்கில் வாழை கசக்கும். வேறெந்தக் கெடுதலும் இல்லை. தோட்டங்களுக்குள் யானை வராது, ஆட்களும் சாக மாட்டார்கள்.

சட்டம் குறுக்கே நின்றது. அது வந்த கதையும் நியாயமானதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு விடுதிக்காரர், விருந்தாளிகள் படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று, ட்ரோனில் இருந்து சிறுத்தைகள் மேல் மயக்க மருந்து தெளித்தார். ஆறு சிறுத்தைகள் பாறையிலிருந்து விழுந்து செத்தன. அந்த வெட்கத்தில் பிறந்தது வனவுயிர் மருந்தளிப்புச் சட்டம். அந்தச் சட்டம் வேண்டும் என்று தெருவில் பதாகை பிடித்து நின்றவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி.

அந்தச் சட்டப்படி அனுமதி கொடுக்கும் ஆணையத்தின் கூட்டத்துக்கு அவள் போன அதே மாதத்தில், புளியம்பள்ளம் என்ற ஊரில் யானை மிதித்து ஒருவர் இறந்திருந்தார். அந்த வருடத்தில் அது நான்காவது சாவு.

"யானை தானா வந்து நக்குதே சார், அது சம்மதம் ஆகாதா?" என்று கேட்டாள்.

ஆணையத் தலைவர் சட்டத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். "உப்பை நக்க அது சம்மதிச்சது, டாக்டர். உப்புக்குள்ள இருக்கிறதுக்குச் சம்மதிச்சதா?"

மூன்று மணி நேரமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஜெசிந்தாவுக்குத் தலை வலித்தது.

"அப்போ மனுஷங்களுக்குத்தான் சார் மருந்து கொடுக்கணும்."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மனிதர்களுக்கு என்ன கொடுக்க முடியும்?"

கேட்டதற்குப் பதில் தெரிந்திருந்ததுதான் அவளுடைய கெட்ட நேரம். யானைக்குத் தேனீ என்றால் பயம். ஆபத்து வந்தால் தேனீ ஒரு வாசனை விடும். அந்த வாசனையை உண்டாக்கும் நுண்ணுயிரை மனிதத் தோலில் வாழ வைக்கலாம். ஒரு மாத்திரை போதும். மனித மூக்குக்கு அது தெரியாது. யானை நூறு மீட்டருக்கு அப்பாலேயே திரும்பிவிடும். இதை அவளுடைய மாணவி ஒருத்தி ஆய்வகத்தில் செய்து பார்த்திருந்தாள்.

"மனிதர்களுக்குக் கொடுக்க நம்ம அனுமதி தேவையா?" தலைவர் பக்கத்தில் இருந்த உறுப்பினரைக் கேட்டார்.

உறுப்பினர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "மனுஷன் எந்த அட்டவணையிலும் இல்ல சார்."

"மருந்துன்னா வேற துறைக்குப் போகணுமே?"

"மருந்துன்னு ஏன் சொல்லணும்? வாசனைதானே. முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி."

பத்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. டீ வந்தது.

*

புளியம்பள்ளத்தில் பெரியவர்கள் நாற்பத்து மூன்று பேர். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு, வரிசையில் நிற்க வைத்து, கைரேகை வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள். கோகிலா வரிசையில் ஏழாவது ஆள். ஐம்பத்திரண்டு வயது. ஒன்றரை ஏக்கரில் நேந்திரன் வாழை. நான்கு வருடமாக ஒரு தார் கூட முழுசாக வீடு வந்து சேரவில்லை. பின்னால் அவள் புருஷன் வெள்ளிங்கிரி நின்றார். எதற்கும் மனைவி முதலில் பேசட்டும் என்று விட்டுவிடுகிற மனிதர்.

"எத்தன நாளைக்குங்க இது?" கோகிலா கேட்டாள்.

"ஒரு வருஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். சரியாத் தெரியலக்கா," என்றாள் ஜெசிந்தா.

"வேற எதும் ஆயிராதுங்களே?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

கோகிலா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

சொன்னபடியே வேலை செய்தது. ஒரு வாரம் கழித்து வாழைத் தோட்டத்து வேலி வரைக்கும் வந்த மூன்று யானைகள் தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடின. ஊர்க்காரர்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தார்கள். அந்தப் போகத்தில் கோகிலா நூற்றுப் பத்துத் தார் வெட்டினாள். முதல் தாரை ஜெசிந்தாவின் அலுவலகத்துக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள்.

ஆனால் அவளுடைய மாடு அவளைக் கிட்டே விடவில்லை. செம்மறை என்று அதற்குப் பெயர். கன்றாக இருந்ததில் இருந்து கோகிலாவின் கையில் தவிடு தின்று வளர்ந்தது. இப்போது அவள் தொழுவத்துக்குள் கால் வைத்தாலே கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. தேனீக்குப் பயப்படுவது யானை மட்டும் இல்லையே. நாய் இரண்டாம் நாளே ஊரைவிட்டுப் போய்விட்டது. ஒரு மாதத்தில் புளியம்பள்ளத்தில் ஆடு, மாடு, நாய், பூனை எதுவும் இல்லை. செம்மறையைக் கோகிலா தன் தங்கை ஊருக்கு அனுப்பினாள். வண்டியில் ஏற்றும்போது மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கக்கூட அவளால் முடியவில்லை. ரோட்டின் அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"யானையுமில்ல மாடுமில்ல," என்றார் வெள்ளிங்கிரி. "நாம ரண்டு பேரும் இருக்கறமே, போதும் போ."

*

ஏழாவது மாதம் வனவர் சம்பந்தமூர்த்தி ஜீப்பில் வந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டு, இரண்டு பேனா. ஊரில் யாரிடமும் டீ வாங்கிக் குடிக்காதவர். அன்றைக்கும் குடிக்கவில்லை. நாற்பத்து மூன்று நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கினார்.

நடந்தது இதுதான். குட்டியோடு போன ஒரு யானைக் கூட்டம் ஊருக்கு மேற்கே இருக்கிற ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது. அங்கே ஊர்ப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை தட்டியதும் கூட்டம் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய், ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் அலைந்தது. விலங்கு நல ஆர்வலர் ஒருவர் அதைப் படம் எடுத்துப் புகார் கொடுத்துவிட்டார். சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு: காட்டு விலங்கின் உடலிலோ உணர்விலோ மாற்றம் உண்டாக்கும் இரசாயனத்தை அனுமதியின்றி அதன்மேல் பிரயோகித்தல்.

"நாங்க எதைங்க பிரயோகிச்சோம்?" கோகிலா கேட்டாள். "துணிதான தொவச்சோம்."

"நீங்க அங்க இருந்தீங்கல்ல அம்மிணி," என்றார் சம்பந்தமூர்த்தி. "இருக்கறதுதான் பிரயோகம்."

விசாரணை ஆணையத்திலேயே நடந்தது. தலைமை தாங்கியவர் அதே தலைவர்தான். சாட்சி சொல்ல ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள்.

"இவர்கள் தோலில் இருந்து வெளிவருவது இரசாயனமா, இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தாள். எதிரே பெஞ்சில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஆய்வக அறிக்கையில் அந்த மூலக்கூறின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவளே அவள்.

"இரசாயனம்தான்," என்றாள். "ஆனா சார், இதை முகப்பவுடர் மாதிரின்னு இந்த ஆணையம்தானே சொல்லிச்சு?"

"மனிதருக்கு அது பவுடர், டாக்டர். யானைக்கு அது இரசாயனம். ரெண்டுமே நம்ம கோப்பில் இருக்கு. முரண்பாடு ஒண்ணும் இல்லை."

"ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தா அந்த நுண்ணுயிர் செத்துடும் சார். பிரச்சினையே முடிஞ்சுடும்."

தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "அது வழக்கில் சம்பந்தப்பட்ட பொருள் ஆச்சே. வழக்கு முடியற வரைக்கும் அதை அழிக்கக் கூடாது."

இடைக்கால உத்தரவு அரைப் பக்கம்தான். 'மேற்படி இரசாயனத்தின் கொள்கலன்கள் நாற்பத்து மூன்றையும் கைப்பற்றி, வன எல்லையில் இருந்து குறைந்தது இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் பாதுகாப்பாக வைக்க வேண்டும். உடையாமலும் கசியாமலும் பார்த்துக்கொள்வது வனவரின் பொறுப்பு.'

வெளியே வேப்ப மரத்தடியில் வெள்ளிங்கிரி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "கொள்கலன்னா என்னங்க?"

"டப்பா," என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை.

கோகிலா ஒன்றுதான் கேட்டாள். "யானைக்கு மருந்து குடுக்கோணும்னா பதினாலு கேள்விக்குப் பதில் எழுதி அனுமதி வாங்கோணும்னு சொல்றாங்க. எங்களுக்குக் குடுக்கறப்ப என்ன அனுமதி வாங்குனீங்க டாக்டரம்மா?"

"ஒண்ணும் வாங்கலக்கா. உங்க கைரேகை மட்டும்தான்."

கோகிலா தன் கட்டைவிரலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

*

அவர்களைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வாரம் ஒரு முறை சம்பந்தமூர்த்தி வந்து தலை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முகூர்த்த நாள்களில் எல்லாரும் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பாத்திர அறைக்குப் போய்விட வேண்டும். கல்யாண வீட்டார் இரக்கப்பட்டுச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஆவணி மாதம் தினமும் பாயசம் கிடைத்தது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஏற வேண்டிய குதிரை வாசலிலேயே மிரண்டு, மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு ஓடியது. அதற்கும் ஒரு நோட்டீஸ் வந்தது.

வெள்ளிங்கிரிக்கு அந்தப் புதிய ஊர் பிடித்துப்போயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கறிக்கடைக்காரர் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். வேலை என்றால் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது. ஒரு நாய் கிட்டே வராது. வாழ்க்கையில் முதல் முறையாக வெள்ளிங்கிரி மண்வெட்டி பிடிக்காமல் மதியம் வரை பேப்பர் படித்தார்.

"இதுவும் மருவாதியான பொழப்புதான்," என்றார். "அங்க போயி யானைகூட மல்லுக்கட்டோணுமா?"

கோகிலா மண்டபத்துக் கொல்லையில் இரண்டு வாழைக் கன்று நட்டிருந்தாள். மேடை அலங்காரத்துக்கு என்று யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாத்திரை போட்டு ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒரு நாள் காலை கோகிலா மண்டபத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருவில் போன ஆட்டுக் கூட்டத்தில் இருந்து ஒரு வெள்ளாடு பிரிந்து வந்து, அவள் மடியில் இருந்த கீரையைத் தின்ன ஆரம்பித்தது. ஆடு கீரை தின்பதில் என்ன இருக்கிறது என்று அவள் இரண்டு நொடி சும்மா இருந்தாள். அப்புறம்தான் உறைத்தது. மெதுவாகக் கையை நீட்டி அதன் நெற்றியைத் தொட்டாள். ஆடு நகரவில்லை. முறத்தில் இருந்த மிச்சக் கீரையையும் அதற்கே கொட்டிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் பஸ் ஏறி ஜெசிந்தாவிடம் போனாள்.

ஜெசிந்தா அவள் கழுத்திலும் கையிலும் பஞ்சால் ஒற்றி எடுத்துச் சோதித்தாள். மூன்று முறை சோதித்தாள். "ஒண்ணும் இல்லக்கா. தானாவே போயிடுச்சு. நீங்க பழையபடி ஆயிட்டீங்க."

சான்றிதழ் ஆணையத்துக்குப் போனது. எட்டு நாளில் பதில் வந்தது. 'சட்டம் குறிப்பிடுவது காட்டு விலங்கின் உணர்வை. ஆய்வகக் கருவியின் உணர்வை அன்று. கொள்கலனில் இரசாயனம் தீர்ந்துவிட்டதா என்பதை யானையே உறுதி செய்ய வேண்டும். எனினும், இரசாயனம் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் பொருளை யானையின் முன் வைப்பதற்குப் பதினான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதி அனுமதி பெற வேண்டும்.' பதினோராவது கேள்வி வேறென்ன, அதே கேள்விதான்.

ஜெசிந்தா கடிதத்தை வாசித்துக் காட்டினாள். கோகிலா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நம்ம யானைகிட்டப் போகக் கூடாது. சரிங்க. யானை தானா நம்மகிட்ட வந்துச்சுன்னா?"

ஜெசிந்தா சட்டப் புத்தகத்தை எடுத்தாள். விலங்கு தன் இஷ்டத்தில் நெருங்கினால் அது பிரயோகம் ஆகாது. பார்த்ததாக வனவர் அதற்கான படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

"ஆனா நீங்க தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதேக்கா. ரெண்டு கிலோமீட்டர் தடை இருக்கே."

அதற்கு வழி சொன்னது சம்பந்தமூர்த்திதான். கறாரான மனிதர் ஆயிற்றே, ஒத்துக்கொள்வாரா என்ற பயத்தோடுதான் ஜெசிந்தா அவரைப் பார்க்கப் போனாள். அவர் இளைத்திருந்தார். புளியம்பள்ளத்தில் ஆள் இல்லை என்றதும் யானைகள் அடுத்த ஊர் ரேஷன் கடை வரைக்கும் போய் அரிசி மூட்டையை இழுக்க ஆரம்பித்திருந்தன. அவர் சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

"கைப்பற்றின பொருளை ஆய்வுக்கு எடுத்துட்டுப் போக எனக்கு அதிகாரம் இருக்குங்க மேடம்," என்றார். "கட்டி, முத்திரை வெச்சு எடுத்துட்டுப் போகோணும். அவ்வளவுதான்."

அப்படியே செய்தார். சணல் கயிற்றில் ஒரு அட்டையைக் கோத்துக் கோகிலாவின் இடது மணிக்கட்டில் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்தார். சூடு படாமல் இருக்க நடுவில் தன் விரலைக் கொடுத்துக்கொண்டார். நோட்டில் 'கொள்கலன் எண் 7, ஆய்வுக்காக' என்று எழுதி அவளிடமே கையெழுத்து வாங்கினார்.

வெள்ளிங்கிரி வர மறுத்துவிட்டார். "நீ போயிட்டு வா. அது வரும், வந்து உன்னைய மோந்து பாத்துட்டு மிதிச்சுட்டுப் போவும்," என்று சொல்லிவிட்டுக் கறிக்கடைக்குக் கிளம்பினார். ஆனால் பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் ரோட்டு முனையில் நின்றுகொண்டிருந்தார்.

*

தோட்டம் ஆள் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. பாதி வாழை செத்திருந்தது. மிச்சம் பக்கக் கன்றுகளாகக் கிளைத்து, தண்ணீர் இல்லாமலேயே ஒரே ஒரு தார் தள்ளியிருந்தது. முதல் இரண்டு நாள் மயில்தான் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மூடிய மோட்டார் அறையின் வாசலில் ஜெசிந்தாவும் சம்பந்தமூர்த்தியும் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா சும்மா இருக்க முடியாமல் வரப்போரம் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லாமல் வந்து நின்றது. தந்தம் இல்லாத ஒற்றை ஆண் யானை, மக்னா. காற்று கோகிலாவின் பக்கம் இருந்து நேராக அதன் முகத்துக்கு அடித்தது. அது தும்பிக்கையைத் தூக்கியது. கோகிலா இடுப்பு நிமிராமல் அப்படியே இருந்தாள்.

யானை தும்பிக்கையை இறக்கி, ஒரு வாழையைச் சுற்றிப் பிடித்துச் சாய்த்தது. தண்டைப் பிளந்து தின்ன ஆரம்பித்தது.

"எத்தன மீட்டருங்க மேடம்?" சம்பந்தமூர்த்தி காதோடு கேட்டார்.

"பன்னண்டு."

"பத்துக்குள்ள இருக்கோணும்."

யானை இன்னொரு வாழைக்கு நகர்ந்தது. கோகிலாவை நோக்கி இரண்டு எட்டு. அவர் படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். 'பத்து மீட்டருக்குள் வந்தது. விலகவில்லை.'

கோகிலா மெல்ல நிமிர்ந்தாள். முகத்தில் பயத்தைவிட வேறொன்றுதான் அதிகமாக இருந்தது. ஊரே சேர்ந்து விரட்டிய அந்த விலங்கு, அவள் தோட்டத்தில், அவள் முன்னால், அவளை ஒரு பொருட்டாக மதிக்காமல் தின்றுகொண்டிருந்தது. கண் கலங்கியது. ஒரு வாழை போயிற்று, இரண்டு போயிற்று. மூன்றாவது, தார் தள்ளிய மரம். யானை அதைப் பார்த்துத் திரும்பியது.

"எழுதியாச்சுங்களா?" யானையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஆச்சு அம்மிணி. மெதுவா பின்னால வந்துருங்க."

அவள் பின்னால் வரவில்லை. கிணற்றோரம் கிடந்த துருப்பிடித்த தகரத்தைத் தூக்கி, கல்லால் ஓங்கி அடித்தாள். "போ சாமி. போதும், போ. இதொண்ணுதான் மிச்சம் இருக்குது. போ." குரல் உடைந்து வந்தது, ஆனால் பெரிதாக வந்தது.

மக்னா காதை விரித்தது. ஒரு நொடி அவளையே பார்த்தது. ஜெசிந்தா எழுந்துவிட்டாள். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு, அலுத்துக்கொள்வதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி, வேலியை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் போயிற்று.

கோகிலா தகரத்தைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

சம்பந்தமூர்த்தி படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரியில் இன்னொரு கேள்வி இருந்தது. 'பின்னர் விலகியதா? ஆம் / இல்லை.'

"சத்தத்துக்குத்தானே போச்சு," என்றாள் ஜெசிந்தா. "நீங்களே பாத்தீங்கல்ல?"

"காரணம் எழுத எடம் இல்லீங்க மேடம். ஆம்னு போட்டா வாசனைக்குத்தான் போச்சுன்னு படிப்பாங்க."

பேனாவை அந்த வரிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். இத்தனை வருட சர்வீஸில் ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை. தோட்டத்துக்குள் கோகிலா அதற்குள் தார் தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கக் கழி தேடிக்கொண்டிருந்தாள். கழியைத் தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டு அட்டை நடுவே வந்து மாட்டியது.

அவர் அந்த வரியை நிரப்பாமலே பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு எழுந்து அவளிடம் போனார். சாவிக் கொத்தில் இருந்த சின்னக் கத்தியைப் பிரித்தார்.

"கையை நீட்டுங்க," என்றார்.